ஒரு டிராக்மா முதல் ஒரு பென்னி வரை

கேள்வி இது: "மேற்கு நாடுகளில் சுதந்திர சிந்தனை எப்படி வளர்ந்தது? அறிவியல் வளர வளர மதம் பின்வாங்கியது, அதனால் சிந்தனைக்கு விடுதலை கிடைத்தது என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானா?"

பாதி சரி. கல்லூரி நாட்களில் நானும் அந்தக் கதையை அப்படியே நம்பினேன். ஒரு பக்கம் தொலைநோக்கியுடன் கலிலியோ, மறுபக்கம் தீப்பந்தத்துடன் திருச்சபை. 1874இல் ஜான் வில்லியம் டிரேப்பர் எழுதிய ஒரு நூல் இந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. கடவுளைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் ஏடாகூடமாக யோசித்தவர்கள் எல்லா நூற்றாண்டிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலரை யாரும் தொடவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் யார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். என்ன சொன்னார்கள் என்பதைவிட, எந்த மொழியில் சொன்னார்கள், என்ன விலையில் விற்றார்கள், யார் காதில் விழும்படி சொன்னார்கள் என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் தலைவிதியைத் தீர்மானித்தது. என் பதில் முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

கிரேக்கத்திலிருந்தே தொடங்கலாம். கி.மு. 399இல் ஏதென்ஸில் சாக்ரட்டீஸ் மீது வழக்கு. ஊர் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. சூரியனைக் கல் என்றும் சந்திரனை மண் என்றும் சொல்கிறவர் இவர் என்று குற்றம் சாட்டியவர் கிளப்பிவிடுகிறார். பிளேட்டோ எழுதிவைத்தபடி, சாக்ரட்டீஸ் அதற்குக் கேலியாகப் பதில் சொல்கிறார்: அது நான் சொன்னதில்லை, தத்துவவாதி அனக்சகோரஸ் சொன்னது, அவருடைய நூல் கடைத்தெருவில் மிஞ்சிப்போனால் ஒரு டிராக்மாவுக்குக் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். ஒரு டிராக்மா என்பது கைத்தொழில் தெரிந்த ஆளின் ஒரு நாள் கூலி. அந்த நூலை எழுதிய அனக்சகோரஸும் முன்பே வழக்கில் சிக்கி ஊரைவிட்டுப் போனவர்தான். ஆனால் ஒரு வரிகூட எழுதாமல், சந்தையில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் வாய்மொழியாகக் கேள்வி கேட்டவருக்குத்தான் நஞ்சு கிடைத்தது.

இனி நேராகக் கலிலியோவிடம் வந்துவிடுகிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் வெளியானது. படித்தவர்கள் மட்டுமே அறிந்த இலத்தீன் மொழி, பக்கத்துக்குப் பக்கம் வடிவகணிதம். முகப்பிலேயே 'வடிவகணிதம் தெரியாதவர் உள்ளே வர வேண்டாம்' என்று கிரேக்கத்தில் ஒரு எச்சரிக்கை. போப் மூன்றாம் பவுலுக்கே சமர்ப்பணம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் தடை செய்யவில்லை. 1616இல்தான் 'திருத்தும்வரை நிறுத்திவை' என்ற உத்தரவு வந்தது. அந்த இடைவெளியில் என்ன மாறியது? கலிலியோ வந்தார். அவர் இத்தாலிய மொழியில் எழுதினார். எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேச்சுமொழியில் எழுதினேன் என்று 1612இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். 1632இல் வந்த அவருடைய உரையாடல் நூலும் இத்தாலிய மொழிதான். அதில் பழைய கொள்கைக்காக வாதாடும் பாத்திரத்தின் பெயர் சிம்ப்ளிசியோ. 'வெகுளி' என்ற வாடை அந்தப் பெயரிலேயே வீசும். போப்பின் வாதத்தையும் அந்த வாயில்தான் வைத்தார். 1633 ஜூன் 22 அன்று மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். 'ஆனாலும் அது சுழல்கிறது' என்று அப்போது முணுமுணுத்ததாகச் சொல்வது பின்னாளில் கட்டிய கதை. தண்டனையின் ஒரு பகுதியாக மூன்று ஆண்டுகளுக்கு வாரம் ஒருமுறை ஏழு பாவமன்னிப்புச் சங்கீதங்களை ஓத வேண்டும் என்று விதித்தார்கள். கன்னியர் மடத்தில் இருந்த அவருடைய மகள் மரியா செலஸ்தே அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொண்டு அப்பாவுக்காக ஓதினார்.

இத்தாலியத் தத்துவவாதி புரூனோவை அறிவியலுக்காக உயிர் கொடுத்தவர் என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் அவரை உயிரோடு கொளுத்தியது உண்மை. பல உலகங்கள் உண்டு என்ற அவருடைய கருத்தும் வழக்கில் வந்தது. ஆனால் திரித்துவம் (பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கொள்கை), கிறிஸ்துவின் தெய்வத்தன்மை போன்ற இறையியல் விவகாரங்கள்தான் அதில் பெரும்பங்கு. அதனால் கொடுமை குறைந்துவிடாது. எரித்தவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்களும் அல்ல. 1553இல் ஜெனீவாவில் செர்வேட்டஸ் என்ற மருத்துவரை எரித்தது சீர்திருத்தத் திருச்சபை நகரம். அதற்கு ஆதரவாக நின்றவர் அந்தத் திருச்சபையின் தலைவர் கால்வின். அதைக் கண்டு கொதித்த கஸ்டெல்லியோ என்ற ஆசிரியர், ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கொள்கையைக் காப்பதாகாது, ஒரு மனிதனைக் கொல்வதுதான் என்று எழுதினார். சுதந்திர சிந்தனையின் முழு வரலாற்றிலும் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1612இல்தான் அச்சேறியது.

பலரும் தாண்டிப் போகிற இடம் ஆம்ஸ்டர்டாம். நான் அங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

தத்துவவாதி ஸ்பினோசாவை எல்லோருக்கும் தெரியும். 1656இல், 23 வயதில், யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது. அதன் பிறகு கண்ணாடி வில்லை தீட்டி வாழ்ந்தார். வேதநூலை மனிதர் எழுதிய நூலாக ஆராயும் அவருடைய புத்தகம் 1670இல் வெளியானது. ஆசிரியர் பெயர் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டுவிட்டு, ஹாம்பர்க்கில் அச்சிட்டதாகப் பொய் முகப்பு போட்டார்கள். சுதந்திரமான நாட்டில் ஒவ்வொருவரும் தான் நினைப்பதை நினைக்கலாம், நினைப்பதைச் சொல்லலாம் என்பதுதான் அதன் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு. அப்படிப்பட்டவர் 1671 பிப்ரவரியில் ஒரு நண்பருக்கு அவசரமாகக் கடிதம் எழுதுகிறார். என் நூலை டச்சு மொழியில் பெயர்த்திருக்கிறார்களாம், அச்சாகப் போகிறதாம், தயவுசெய்து எப்படியாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறார். இலத்தீனில் இருக்கும்வரை தலை தப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எப்படித் தெரியும்? கண்ணெதிரே நடந்ததைப் பார்த்திருந்தார். அவருடைய நண்பர் வட்டத்தில் ஆத்ரியான் கோர்பாக் என்பவர் இருந்தார். சட்டமும் மருத்துவமும் படித்தவர். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பாதிரிமார்களும் புரியாத இலத்தீன் சொற்களை வைத்துக்கொண்டு சாமானியரை ஏய்க்கிறார்கள் என்பது அவர் எரிச்சல். அதற்கு அவர் செய்த காரியம் ஒரு அகராதி. 1668இல், பிறமொழிச் சொற்களுக்கெல்லாம் எளிய டச்சில் பொருள் எழுதினார். 'பைபிள்' என்ற சொல்லுக்கு என்ன எழுதினார் தெரியுமா? கிரேக்கத்தில் அதற்குப் 'புத்தகம்' என்றுதான் பொருள், எந்தப் புத்தகத்துக்கும் அது பொருந்தும், நரிக்கதைப் புத்தகத்துக்கும்கூட என்று எழுதினார். சொற்பொருள் விளக்கம் என்ற அளவில் அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. தன் பெயரையும் மறைக்காமல் போட்டார்.

அடுத்த நூலை உட்ரெக்ட் நகரில் அச்சிடக் கொடுத்தார். அச்சுக்காரர் எழுத்துக் கோத்துக்கொண்டே வரும்போது படித்துப் பார்த்திருக்கிறார். பாதியில் பயம் பிடித்து, வேலையை நிறுத்தி, தாள்களை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கோர்பாக் தலைமறைவானார், ஒருவர் காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தார். விசாரணையில் ஸ்பினோசாவைப் பற்றியும் கேட்டார்கள். பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தக் கருத்துகளைப் பற்றி அவரிடம் பேசியதில்லை என்று சொல்லி நண்பரைக் காப்பாற்றினார். வலது கட்டைவிரலை வெட்ட வேண்டும், நாக்கில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளையிட வேண்டும், முப்பது ஆண்டு சிறை என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள். எழுதிய விரல், பேசிய நாக்கு! கடைசியில் பத்து ஆண்டுச் சிறை என்று தீர்ப்பானது. ஓராண்டு கழிந்து 1669இல் சிறையிலேயே இறந்துபோனார். ஐரோப்பாவிலேயே மிகச் சுதந்திரமான ஊர் என்று பெயரெடுத்த ஊரில் நடந்தது இது. ஸ்பினோசாவின் நூல் 1674இல் தடையானது. ஆனால் ஸ்பினோசா 1677இல் தன் அறையில், தன் படுக்கையில் இறந்தார். டச்சு மொழிபெயர்ப்பு 1693இல்தான் வெளிவந்தது.

சரி, அறிவியலின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். பெரிய பங்கு உண்டு. 1660இல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டி 'யார் சொல்லையும் வைத்து நம்பாதே' என்ற பொருளில் ஒரு இலத்தீன் வாசகத்தைத் தன் முத்திரையாக வைத்துக்கொண்டது. அதே கூட்டம், மதம், அரசியல் இரண்டையும் தங்கள் பேச்சில் கலக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தது. நிம்மதியாக ஆய்வு செய்ய அந்த மௌனம் ஒரு வாடகை. நியூட்டனே திரித்துவத்தை நம்பாதவர். கட்டுக்கட்டாக எழுதினார், அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் கேம்பிரிட்ஜில் அவருடைய பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்த விஸ்டன் அதே கருத்தை வெளியே சொன்னார். 1710இல் பதவி பறிபோனது. 1697 ஜனவரியில் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் நூல் எதுவும் எழுதவில்லை. சக மாணவர்களிடம் திரித்துவத்தையும் வேதத்தையும் கிண்டலடித்ததுதான் குற்றம். அந்த ஜனவரியில் நியூட்டன் லண்டனில் அரசு நாணயச் சாலையின் உயர் அதிகாரி.

பிரான்ஸில் இந்த ஒளிவுமறைவு ஒரு கலையாகவே வளர்ந்தது. எத்ரெப்பிஞி என்ற சிற்றூரில் நாற்பது ஆண்டுகள் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, பிணம் புதைத்த ஜான் மெஸ்லியே என்ற பாதிரியார் 1729இல் இறந்தார். அவர் விட்டுச் சென்றவற்றில், தன் கையாலேயே மூன்று படி எடுத்துவைத்த பெரிய சாசனம் ஒன்று இருந்தது. கடவுள் இல்லை, நான் உங்களுக்கு இத்தனை காலம் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று தன் ஊர்மக்களுக்கு எழுதியிருந்தார். எழுத்தாளர் வால்டேர் 1762இல் அதைச் சுருக்கி வெளியிட்டபோது, நாத்திகத்தை வெட்டிவிட்டு ஆசாமியை ஒரே கடவுளை நம்புகிறவராக மாற்றிவிட்டார். சுதந்திர சிந்தனையாளர்களும் தணிக்கை செய்வார்கள்!

தத்துவவாதி திதெரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தின் கதையும் வேடிக்கையானது. 1752இல் தாள்களைப் பறிமுதல் செய்ய உத்தரவு. நூல்தணிக்கைத் துறையின் தலைவர் மால்ஷெர்ப் அந்தச் செய்தியைத் திதெரோவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறார். இவ்வளவு காகிதத்தை எங்கே ஒளிப்பது என்று திதெரோ கையைப் பிசைய, என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்கிறார் மால்ஷெர்ப். 28 பெருந்தொகுதிகள், வசதி படைத்தவர்கள்தான் வாங்க முடியும். வால்டேருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருந்தது. 1766 ஏப்ரலில் ஒரு கடிதத்தில், இருபது பெருந்தொகுதிகள் ஒருநாளும் புரட்சி செய்யாது, முப்பது சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விலையில் சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புத்தகங்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எழுதினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அப்வில் நகரில் லா பார் என்ற இருபது வயது இளைஞனின் தலையைத் துண்டித்தார்கள். மத ஊர்வலம் போகும்போது தொப்பியைக் கழற்றவில்லை, நிந்தனைப் பாட்டுப் பாடினான் என்பவை குற்றங்கள். உடலை எரித்த தீயில் அவன் அறையில் கண்டெடுத்த ஒரு புத்தகத்தையும் போட்டார்கள். வால்டேரின் கையடக்கத் தத்துவ அகராதி. எழுதியவர் சுவிஸ் எல்லையோரம் பத்திரமாக இருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கணக்கு அப்பட்டமாகவே வெளிப்படுகிறது. ரிச்சர்டு கார்லைல் தகரக் கொல்லர். படித்த பெரிய மனிதர் அல்ல. தாமஸ் பெய்ன் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' என்ற நூலை லண்டன் ஃபிளீட் தெருவில் மறுபதிப்பாக வெளியிட்டார். பெய்ன் கடவுளை நம்பியவர், வேதங்களைத்தான் நம்பவில்லை. 1819இல் கார்லைலை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். என் தரப்பைச் சொல்ல நூல் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டு, தலைப்பிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். நீதிமன்றத்தில் படித்தது நீதிமன்ற நடவடிக்கை ஆகிவிடுகிறது. நடவடிக்கையை அச்சிடலாமே! அப்படியே அச்சிட்டு மலிவு விலையில் விற்றார்கள். மூன்று ஆண்டுச் சிறை, 1,500 பவுண்டு அபராதம். அபராதம் கட்டாததால் ஆறு ஆண்டுகள் உள்ளேயே இருந்தார்.

கடையை மனைவி ஜேன் நடத்தினார். அவரையும் சிறையில் போட்டார்கள். கார்லைலின் தங்கை மேரி ஆன் வந்தார், அவரையும் போட்டார்கள். ஜேனுக்குச் சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பழைய அலெக்சாந்திரியாவில் மதக் கும்பல் கொன்ற கணித அறிஞரின் நினைவாக ஹைப்பேஷியா என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் முன்பின் தெரியாத தொழிலாளர்கள் வந்து கல்லாவில் உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனார்கள். விற்றவர் யார் என்று அடையாளம் காட்டினால்தானே வழக்கு நிற்கும்? அதனால் கடைக்குள் ஒரு தடுப்புப் போட்டார்கள். தடுப்பின் மேல் கடிகார முகம் போன்ற ஒரு வட்டப் பலகை. சுற்றிலும் புத்தகப் பெயர்கள். வாங்க வந்தவர் வேண்டிய பெயருக்கு நேரே முள்ளைத் திருப்பிவிட்டுக் காசைப் போட்டால், தடுப்புக்குப் பின்னாலிருந்து புத்தகம் சரிந்து வந்து விழும். கை தெரியாது, முகம் தெரியாது. தத்துவ வரலாற்று நூல்களில் கான்ட்டுக்கும் ஹியூமுக்கும் அத்தியாயம் உண்டு, இந்த முள்ளுக்கு ஓர் அடிக்குறிப்புகூட இருக்காது என்பதில் எனக்கு வருத்தம்.

டார்வினை எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் 1,250 படிகள் அச்சானது. விலை ஏறக்குறைய 15 ஷில்லிங். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று 1844இலேயே நண்பருக்கு எழுதியபோது, கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். 1880இல் நாத்திகரான எட்வர்டு ஏவ்லிங் தன் நூலை அவருக்குச் சமர்ப்பிக்க அனுமதி கேட்டார். டார்வின் பணிவாக மறுத்தார். கிறிஸ்தவத்தை நேரடியாகத் தாக்குவதால் பயனில்லை, அறிவியல் முன்னேற முன்னேற மனங்கள் மெல்லத் தெளிந்துதான் சிந்தனைச் சுதந்திரம் வளரும் என்று எழுதினார். (இந்தக் கடிதம் மார்க்ஸின் தாள்களோடு கலந்துபோனதால், மார்க்ஸ் 'மூலதன'த்தைச் சமர்ப்பிக்கக் கேட்டு டார்வின் மறுத்தார் என்ற கதை கிளம்பியது. தமிழிலும் அது உலவுகிறது. நம்ப வேண்டாம்.) 1882 ஏப்ரலில் டார்வின் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஓராண்டு முடிவதற்குள், 1883 மார்ச்சில், ஜி. டபிள்யூ. ஃபூட் என்பவரைத் தெய்வநிந்தனைக்காகப் பன்னிரண்டு மாதம் சிறைக்கு அனுப்பினார்கள். அவர் நடத்தியது 'ஃப்ரீதிங்கர்' என்ற வார இதழ். விலை ஒரு பென்னி. 15 ஷில்லிங் என்றால் 180 பென்னி, நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பைபிள் காட்சிகளைக் கேலிச்சித்திரமாகப் போட்டது குற்றம். தீர்ப்பைக் கேட்டு, 'நன்றி ஐயா, உங்கள் மதத்துக்குத் தகுந்த தீர்ப்பு' என்றார் ஃபூட். அடுத்த மாதம் இன்னொரு வழக்கில் அவரே வாதாடினார். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் விலையுயர்ந்த நூல்களிலிருந்து அதே கருத்துகளை எடுத்து வாசித்து, இவர்களை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டார். தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் அந்த வழக்கில் சட்டத்தை வேறு மாதிரி விளக்கினார்: மதத்தின் அடிப்படைகளையே மறுத்தாலும், கண்ணியமான நடையில் மறுத்தால் குற்றமில்லை. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணியமான நடை யாருக்கு எளிதாக வரும் என்று பாருங்கள். 1921இல் ஜான் வில்லியம் காட் என்ற துண்டுப்பிரசுர வியாபாரிக்கு ஒன்பது மாதக் கடுங்காவல் கிடைத்தது. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 2008இல்.

இந்த வரிசையில் நமக்கும் ஒரு கண்ணி உண்டு. ஃபூட்டுக்கு மூத்தவர் சார்லஸ் பிராட்லா. 1866இல் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தை நிறுவியவர். 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நாத்திகர் என்பதால் கடவுள் பெயரால் எடுக்க வேண்டிய உறுதிமொழியில் சிக்கல் வந்து, தொகுதி மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும் 1886இல்தான் இருக்கையில் நிலையாக அமர முடிந்தது. அவருடைய சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தவர்கள் சென்னையிலும் இருந்தார்கள். 1880களில் இயங்கிய சென்னை இலௌகிக (மதச்சார்பற்ற) சங்கத்தார் ஆங்கிலத்தில் 'தி திங்கர்' என்ற இதழை நடத்தினார்கள். கூடவே, 1882 முதல் தமிழில் 'தத்துவ விவேசினி'யையும் கொண்டுவந்தார்கள். ஆங்கில இதழ் இருக்கும்போது தமிழில் வேறு எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால், ஆம்ஸ்டர்டாமில் 1668இல் அச்சான ஓர் அகராதியைத்தான் எடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.